வோர்ம்ஸ் கட்டுரையில விட்டுப்போன 35 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜெர்மனியோட வோர்ம்ஸ் நகரத்தப் பத்தி ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டிருந்தீங்க. காலையில காபிய கையில வெச்சுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன், காபி ஆறிப்போனதுதான் மிச்சம். சர்ச்ச எதிர்த்துப் பேசின மார்ட்டின் லூத்தர் 1521ல பேரரசர் முன்னாடி நின்ன கதைய எழுதினவர் நல்லாவே எழுதியிருக்கார், அதுல ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனா லூத்தருக்கு முந்தின ஐநூறு வருஷத்த ஒரே வரியில முடிச்சுட்டார் பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அந்தக் காலத்து பிஷப்புங்க எல்லாம் ஜனங்கள மூடநம்பிக்கையில அமுக்கி வெச்சு, சூனியக்காரின்னு பொம்பளைங்கள எரிச்சுக்கிட்டு இருந்தாங்கங்கற மாதிரி எழுதியிருக்கார். வேற எந்த ஊர பத்தி எழுதியிருந்தாலும் சரி போகட்டும்னு விட்டிருப்பேன், வோர்ம்ஸ பத்தி இப்படி எழுதினா விடமுடியாது சார்.

நான் யாருன்னு கேட்டா பெரிய சரித்திர ஆராய்ச்சிக்காரன் எல்லாம் இல்ல. கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா சேந்து சிரஸ்தாரா ரிட்டயர் ஆனவன். பொண்ணு மன்ஹைம்ல வேலை பாக்குறா, அங்க ரெண்டு தடவை போய் மூணு மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். பேரன் ஸ்கூலுக்கு போயிட்டா பகல்ல எனக்கு ஒரு வேலையும் கிடையாது, மன்ஹைம்லேர்ந்து வோர்ம்ஸுக்கு ரயில்ல அரைமணி நேரம்கூட ஆகாது, அதனால அடிக்கடி போய் அந்த கதீட்ரலச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருப்பேன். அங்க மேற்குப் பக்கம் அடக்கம் பண்ணியிருக்கற ஒரு பிஷப் பேருதான் புர்க்கார்ட். 1000ம் வருஷம் பிஷப் ஆனார், 1025 ஆகஸ்ட் 20ம் தேதி செத்துப்போனார். உங்க கட்டுரையில இவர் பேரே இல்ல.

இவருக்கு பதவி வந்த கதையே ஒரு மாதிரியானது. இவரோட அண்ணன் ஃபிராங்கோதான் முதல்ல அங்க பிஷப், பேரரசர் மூணாம் ஓட்டோவோட இத்தாலிக்கு போன இடத்துல செத்துட்டார், அவருக்கு அப்புறம் நியமிச்ச ஆளுங்களும் அடுத்தடுத்து போய் சேந்துட்டாங்க, கடைசியில மைன்ஸ் ஆர்ச்பிஷப் வில்லிகிஸ்கிட்ட வேலை பாத்துக்கிட்டிருந்த தம்பிய புடிச்சு உக்கார வெச்சாங்க. வந்து பாத்தா ஊரு ஊரா இல்ல. மதில் இடிஞ்சு கெடக்கு, ஓநாயும் திருடனும் ஈசியா ஏறி உள்ள வந்துட்டு போறாங்க, ஜனங்க பயந்துக்கிட்டு ஊருக்கு வெளிய குடி போயிட்டாங்க. இது அவரு செத்த கொஞ்ச நாள்லயே அவரோட சர்ச்ச சேந்த ஒருத்தர் எழுதி வெச்ச வாழ்க்கை வரலாறுல வருது. சொந்த ஆளு எழுதினது, அதனால கொஞ்சம் தூக்கித்தான் எழுதியிருப்பார், புது ஆபீசர் வந்ததும் பழைய ஆபீசர் காலத்துல எல்லாம் குப்பைன்னு சொல்ற பழக்கம் எல்லா ஊர்லயும் உண்டுதானே. ஆனா மதிலக் கட்டினது நெஜம், அஞ்சு வருஷத்துல ஊர நிமுத்திட்டார்னு அதே வரலாறு சொல்லுது.

அதுக்கு நடுவுல இன்னொரு தலைவலி. ஊருக்குள்ளயே டியூக் ஓட்டோவுக்கு ஒரு கோட்டை இருந்துச்சு. சாலியர் வம்சம்னு சொல்வாங்களே, அந்தக் குடும்பம். எவன் எவன் கையக் கால வெட்டினாலும் கொலை பண்ணினாலும் அந்தக் கோட்டைக்குள்ள ஓடிப்போயிட்டா அதுக்கப்புறம் யாரும் தொடமுடியாது. கோர்ட்டுல வேலை பாத்தவனுக்கு இது நல்லா புரியும், வாரண்ட் எடுத்துக்கிட்டு போன போலீஸ்காரர் "பெரிய வீட்டுல இருக்கான் சார்"னு சொல்லிட்டு திரும்பி வந்து நிப்பார் பாருங்க, அதேதான். புர்க்கார்ட் என்ன பண்ணார்னா காத்திருந்தார். 1002ல பேரரசர் திடீர்னு செத்து அடுத்த ராஜா யாருன்னு போட்டி வந்துச்சு, பவேரியா டியூக் ஹென்றி இவரோட ஆதரவு கேட்டார், இவரு அதுக்கு விலையா அந்தக் கோட்டையக் கேட்டார். ஹென்றி ராஜா ஆனதும் அதே வருஷம் அக்டோபர்ல கோட்டை பிஷப் கைக்கு வந்துடுச்சு, ஓட்டோவுக்கு பதிலுக்கு புரூக்ஸாலுங்கற இடத்துல ராஜாங்க நெலம் கெடச்சுது. ஊர் ஜனமும் சேந்து கோட்டைய இடிச்சாங்க, அந்தக் கல்லையே எடுத்து அதே எடத்துல புனித பவுல் பேருல ஒரு சர்ச் கட்டினாங்க. "ஊரோட விடுதலைக்காக"ன்னு அதுல எழுதி வெச்சாங்களாம். அந்த பவுல் சர்ச் இன்னிக்கும் அங்க இருக்கு, பின்னாடி பல தடவை மாத்திக் கட்டினதுதான், டொமினிக்கன் சாமியாருங்க இருக்காங்க, அதோட ரெண்டு ரவுண்டு கோபுரத்துக்கும் மேல அரபு நாடுங்கள்ல நாம பாக்குற மாதிரி கல்லுல குமிழ் குமிழா கட்டியிருக்கும், அதப் பாத்துக்கிட்டே எதிர்ல பெஞ்சுல உக்காந்து நான் கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்த சாப்புட்டிருக்கேன்.

அதே சாலியர் குடும்பத்துல கொன்ராட்னு ஒரு பையன், சொந்தக்காரங்களே ஒதுக்கி வெச்சிருந்தாங்க, இவனையும் கூட்டிக்கிட்டு வந்து புள்ள மாதிரி வளத்தவர் இந்த புர்க்கார்ட்தான். குடும்பத்தோட கோட்டைய இடிச்ச மனுஷன், அந்தக் குடும்பத்துப் புள்ளைக்கு சோறு போட்டு வளக்குறார், அந்தப் புள்ள 1024ல ஜெர்மனிக்கே ராஜாவா ஆகுது. சினிமாவுல வந்தா ஓவர்னு சொல்லுவோம்.

சரி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வரேன். இந்த மனுஷன் சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, 1023லேர்ந்து 1025க்குள்ள, ஒரு சட்டம் எழுதி வெச்சார். வோர்ம்ஸ் சர்ச் புனித பேதுரு பேருல இருக்கறதால, அந்த சர்ச்சோட நெலத்துல பாடுபடுறவங்க, வேலைக்காரங்க, ஊருக்குள்ள தொழில் பண்றவங்க எல்லாருக்கும் சேத்து "பேதுருவோட குடும்பம்"னு பேரு. அந்தக் குடும்பத்துக்கான சட்டம். மொத்தம் 32 பிரிவு. ஆரம்பத்துலயே ஏன் எழுதறேன்னு காரணம் சொல்றார், ஏழைங்க எங்கிட்ட ஓயாம வந்து அழுவுறாங்க, அதிகாரிங்க நாய் மாதிரி அவங்கள கடிச்சுக் குதறுறாங்க, ஆளுக்கு ஒரு சட்டம் சொல்லி எளியவன நசுக்குறாங்க, அதனால என் குருமாரையும் வீரருங்களையும் இந்தக் குடும்பத்து ஆளுங்களையும் கலந்துக்கிட்டு எழுதி வெக்கறேன், பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே சட்டம்தான், இனிமே எந்த அதிகாரியும் புதுசா ஒண்ண கண்டுபுடிச்சு சொல்லமுடியாது, இதுதான் அதோட சாரம். நான் சர்வீஸ்ல இருந்தப்போ ஒரு பெரியவர் பட்டா விஷயமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுட்டு எங்க கோர்ட்டுக்கு வந்தார், ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு ரூல் சொல்லியிருக்காங்க, கையில பதினாலு பேப்பர், எதுவும் இன்னொண்ணோட ஒத்துப்போகல. "ஐயா எது ரூலுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, நான் போயிடுறேன்"னார். வோர்ம்ஸ்ல அந்த முன்னுரைய பொண்ணு மொழிபெயர்த்துச் சொன்னப்போ எனக்கு அந்தப் பெரியவர் மூஞ்சிதான் வந்துச்சு.

பிரிவுங்கள எல்லாம் பாத்தா சிரிப்பும் வரும், ஆச்சரியமாவும் இருக்கும். புருஷன் மொதல்ல செத்துட்டா, கல்யாணத்துல அவளுக்குன்னு எழுதிக் குடுத்தத பொண்டாட்டி சாகற வரைக்கும் வெச்சுக்கலாம், யாரும் புடுங்கக்கூடாது. ஒருத்தன் பரம்பரை நெலத்த வறுமை தாங்காம விக்கணும்னா மொதல்ல சாட்சி வெச்சு நெருங்கின வாரிசுங்ககிட்ட வாங்கிக்கிறியான்னு கேக்கணும், அவங்க வேணாம்னா அப்புறம் குடும்பத்துல வேற எவனுக்கு வேணா விக்கலாம். பங்காளிகிட்ட மொதல்ல கேளுன்னு நம்ம ஊர்ல சொல்றத ஆயிரம் வருஷம் முன்னாடி ரைன் ஆத்தங்கரையில எழுதி வெச்சிருக்காங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது 29வது பிரிவு. பிஷப் தன்னோட ஆளு ஒருத்தன வேலைக்கு எடுக்கணும்னா கண்ட வேலையில எல்லாம் போடமுடியாது, அறை நிர்வாகம், பானம் ஊத்துறது, சாப்பாடு பரிமாறுறது, குதிரை பாத்துக்கறது, இல்ல அதிகாரி வேலை, இவ்வளவுதான். இதுவும் எனக்கு வேணாம்னு அவன் சொன்னா ராஜ சேவைக்கு நாலு காசு, படையெடுப்புக்கு ஆறு காசு கட்டிட்டு, வருஷத்துக்கு மூணு தடவை ஊர்க்கூட்டத்துக்கு வந்துட்டு, யாருகிட்ட வேணா வேலை பாக்கலாம். பாத்தீங்களா, சட்டம் எழுதுறவர் தன் கையையும் சேத்துக் கட்டிக்கிட்டார். அடுத்தவனுக்கு ரூல் போடுறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், தனக்கே போட்டுக்கறவங்க ரொம்பக் கம்மி.

அப்புறம் 30வது பிரிவு. தலைப்புல 35 பேருன்னு எழுதியிருக்கேனே, அது இங்கதான் வருது. அதுல புர்க்கார்ட் சொல்றார், பேதுருவோட குடும்பத்துக்குள்ள கிட்டத்தட்ட தெனமும் மிருகம் மாதிரி கொலை நடக்குது, ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு, குடிச்சுட்டு, திமிருல ஒருத்தன் ஒருத்தனக் கொல்றான், ஒரே வருஷத்துல ஒரு தப்பும் செய்யாத 35 பேர இதே குடும்பத்து ஆளுங்களே கொன்னுட்டாங்க, கொன்னவன் வருத்தப்படல, பெருமை அடிச்சுக்கிறான். சட்டப் பிரிவுக்குள்ள நம்பர். அதுக்கு முன்னாடி சட்டம்னா ராஜா ஆணையிடுகிறார்னு வரும், சாமி சொல்லுதுன்னு வரும். இங்க ஒருத்தர் உக்காந்து செத்தவங்கள எண்ணியிருக்கார். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு குருமார் ஊர் ஊரா கேட்டு எழுதினாரோ என்னவோ, அந்த நோட்டு இன்னிக்கு இல்ல, அந்தக் கூட்டுத்தொகை மட்டும் மிச்சம் இருக்கு. பேரு கூட இல்லாத 35 பண்ணை ஆளுங்க, அவங்க செத்தது ஒரு விஷயம்னு நெனச்சு கணக்கு போட்டிருக்காங்க சார்.

தண்டனை என்னன்னா இப்பத்த பார்வையில கொடூரம்தான், மறைக்கல. தன்னக் காப்பாத்திக்கறதுக்கோ திருடனத் தடுக்கறதுக்கோ இல்லாம கொன்னவனுக்கு கசையடி, மொட்டை, அதுக்குன்னே செஞ்ச இரும்பக் காய்ச்சி ரெண்டு கன்னத்துலயும் சூடு. அதோட செத்தவனுக்கு உயிர்விலை கட்டணும், செத்தவன் சொந்தக்காரங்களோட சமாதானம் ஆகணும், அவங்களும் அத ஏத்துக்கணும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம்னு நான் நெனக்கறேன். பழிக்குப் பழின்னு போய்க்கிட்டு இருந்தா 35, அடுத்த வருஷம் 50 ஆகும், அந்தச் சங்கிலிய எங்கயாவது அறுக்கணும். சூடு போட்ட மூஞ்சியோட அவன் அதே தெருவுல நடந்துக்கிட்டு இருப்பான், ஆனா உயிரோட இருப்பான், எதிராளி வீட்டுக்காரங்க கத்திய எடுக்கக்கூடாது. கொலைக்குக் கொலைன்னு தூக்குல போட்டு முடிச்சுடல.

இதுல சர்ச்சோட சுயநலமும் இருக்கு, ஒத்துக்கறேன். செத்தவன் அவங்களோட ஆளு, செத்தா உழைப்பு நஷ்டம். அடிமைத்தனத்தையும் அவரு ஒழிச்சுடல, குடும்பத்துக்குள்ளயே மேல் தட்டு கீழ் தட்டுன்னு இருந்துச்சு, ரெண்டு தட்டுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிட்டா பொறக்கற புள்ளைங்க கீழ் தட்டுக்குத்தான் போகும்னு ஒரு பிரிவு பச்சையா சொல்லுது, இது படிச்சப்போ எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு, ஏன்னு உங்க வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. அதனால அவர சாமியாக்கணும்னு நான் சொல்லல. ஒரே வரியில ஓரங்கட்டக் கூடாதுங்கறதுதான் என் வாதம்.

இப்போ சூனியக்காரி விஷயம். இங்கதான் கட்டுரை முழுத் தப்பு. புர்க்கார்ட் அதுக்கு முன்னாடியே, 1008லேர்ந்து 1012 வாக்குல, சர்ச் சட்டங்கள எல்லாம் திரட்டி 20 புத்தகமா ஒரு பெரிய தொகுப்பு பண்ணார், டெக்ரேட்டம்னு பேரு. ஊருக்கு வெளிய காட்டுல ஒரு சின்ன குடிசை மாதிரி கட்டிக்கிட்டு அங்க உக்காந்து வேலை பாப்பாராம், பக்கத்து ஊரு ஷ்பையரோட பிஷப் வால்ட்டர்கூட உதவி பண்ணியிருக்கார். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு மேல, 1140 வாக்குல கிராஷியன்ங்கறவரோட சர்ச் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும், ஐரோப்பாவுல பல எடத்துல சர்ச் கோர்ட்டுக்கு இதுதான் கைப்புத்தகம். அதுல 19வது புத்தகத்துக்கு "திருத்துபவர் அல்லது வைத்தியர்"னு இன்னொரு பேரு. பாவசங்கீர்த்தனம், அதாவது ஜனங்க தங்களோட பாவத்த வந்து சொல்றத, கேக்கற சாமியார் என்னென்ன கேக்கணும்னு கேள்வி கேள்வியா இருக்கும். நீ இத செஞ்சியா, நீ இத நம்புனியா, நம்புனா இத்தன நாள் ரொட்டியும் தண்ணியும் மட்டும்.

அந்தக் கேள்விங்கள படிச்சா அந்த ஊரு ஜனங்க அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிப்பாங்க. பயணம் போறப்ப காக்கா இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் கத்திக்கிட்டு போச்சுன்னா போற காரியம் நல்லபடியா முடியும்னு நம்புனியா? (எங்க வீட்டுல இத படிச்சுக் காட்டினேன், என் வீட்டுக்காரம்மா அஞ்சு நிமிஷம் பேசவேயில்ல.) கோழி கூவறதுக்கு முன்னாடி வெளிய போகக்கூடாதுன்னு பயந்தியா? வருஷத்துல சில நாள்ல வீட்டுல சாப்பாடு எடுத்து வெச்சு, மூணு தேவதைங்க வந்து சாப்புடுவாங்கன்னு மூணு கத்தியும் வெச்சியா? மனுஷன் ஓநாயா மாறுவான்னு நம்புனியா? நெசவுல நூலு சிக்கிப் பின்னிக்கணும்னு மந்திரம் போட்டியா? மழைக்கு பண்றது இன்னும் விசேஷம், ஊருப் பொண்ணுங்க ஒரு சின்னப் பொண்ணுக்கு துணிய எடுத்துட்டு, ஒரு விஷச்செடிய அவ வலது கால் விரல்ல கட்டி, பக்கத்து ஆத்துக்கு கூட்டிக்கிட்டு போய் தண்ணிய தெளிச்சுட்டு, நண்டு மாதிரி பின்னாடியே நடந்து வரவைப்பாங்களாம். இத எழுதி வெச்ச பிஷப் இல்லன்னா நமக்கு இது எதுவுமே தெரிஞ்சிருக்காது. தடுக்கணும்னு எழுதினது, கடைசியில அந்த ஜனங்களோட பழக்கத்துக்கு அதுவே ஆவணம் ஆயிடுச்சு, பறிமுதல் பண்ணின பொருளோட லிஸ்ட்டுலேர்ந்து ஒரு வீட்டோட வாழ்க்கைய தெரிஞ்சுக்கற மாதிரி.

அதுல பொம்பளைங்க ராத்திரி பேய்க்கூட்டத்தோட மிருகத்து மேல ஏறிப் பறந்து போறாங்கங்கற கதையும் வருது. அதுக்கு அவரு சொல்றது என்ன தெரியுமா? அப்படிப் போற பொம்பளையப் புடி, எரின்னு இல்ல. அப்படி ஒரு பொம்பளை இருக்கான்னு நீ நம்புனியா, நம்புனா அது பாவம், அது கனவு, பொய், போய் விரதம் இரு. நம்பினவனுக்குத்தான் தண்டனை. வசிய மருந்து, செய்வினைன்னு நெஜமா செஞ்சவங்களுக்கும் விரதம் வெச்சிருக்கார், இல்லன்னு சொல்லல, ஆனா விரதம்தான், விறகு இல்ல. ஜெர்மனியில சூனியக்காரின்னு கூட்டம் கூட்டமா எரிச்சது பாம்பெர்க்லயும் வுர்ஸ்பர்க்லயும் 1620கள்ல, அப்பவும் பிஷப்புங்க ஆட்சிதான், அந்தக் கறை அவங்க மேல இருக்கறது உண்மை. ஆனா அது புர்க்கார்டுக்கு அறுநூறு வருஷம் பின்னாடி, லூத்தருக்கே நூறு வருஷம் பின்னாடி. எங்க கோர்ட்டுல பேரன் பண்ணின கேசுல தாத்தாவ அக்யூஸ்டா சேத்தா மாஜிஸ்திரேட் ஃபைல தூக்கி மூஞ்சியில எறிவார்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன், கடிதம் நீண்டுபோச்சுன்னு தெரியுது, வெட்டுறதா இருந்தா தயிர்சாதத்த வெட்டுங்க, 35ஐ வெட்டாதீங்க. புர்க்கார்ட் செத்து அம்பது வருஷத்துல என்ன நடந்துச்சுன்னா, 1073ல அந்த கொன்ராடோட பேரன் நாலாம் ஹென்றி ராஜாவா இருந்து, பிரபுக்கள் எல்லாம் எதிர்த்து நின்னு, போக எடமில்லாம வோர்ம்ஸுக்கு வரார். அப்போ இருந்த பிஷப் அடால்பெர்ட் ராஜாவுக்கு எதிர்க்கட்சி. ஊர் ஜனங்க ஆயுதத்தோட எறங்கி பிஷப்போட ஆளுங்கள வெரட்டிட்டு, பிஷப்பும் ஓட, ராஜாவுக்கு கதவத் தெறந்தாங்க. சந்தோஷத்துல ராஜா 1074 ஜனவரி 18ல வோர்ம்ஸ்காரங்களுக்கு, யூதருங்களையும் பேர் சொல்லிச் சேத்து, பல எடத்துல சுங்கவரி கெடையாதுன்னு எழுதிக் குடுத்தார். பிரபுவுக்கோ பிஷப்புக்கோ இல்லாம ஊர் ஜனத்துக்கே நேரா குடுத்த சலுகை. அந்த ஜனங்க ஒண்ணா நின்னு ஒரு முடிவு எடுத்தாங்கன்னா, ஒரே மதிலுக்குள்ள ஒரே சட்டத்துல ரெண்டு தலைமுறை வாழ்ந்த பழக்கமும் அதுக்கு ஒரு காரணம்னு நான் நெனக்கறேன். ஒரு பிஷப் கட்டின மதிலுக்குள்ள நின்னுக்கிட்டே இன்னொரு பிஷப்ப வெளிய தள்ளியிருக்காங்க. மனுஷன் உயிரோட இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, முப்பத்திமூணாவது பிரிவு எழுதியிருப்பாரோ என்னவோ.

அதனால உங்க இணைய பதிப்புல அந்த ஒரு வரிய மட்டுமாவது திருத்திடுங்க, கட்டுரையாளர்மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. முடிஞ்சா ரெண்டாம் பாகம் எழுதச் சொல்லுங்க, நான் எடுத்த போட்டோங்க இருக்கு, சும்மாவே அனுப்பறேன்.

இப்படிக்கு,
முப்பது வருஷமா உங்க பேப்பர் வாங்கற ஒரு ரிட்டயர்டு சிரஸ்தார்

பின்குறிப்பு: கதீட்ரல் போட்டோவுக்கு கீழ "வார்ம்ஸ்"னு போட்டிருக்கீங்க. ஊர் பேரு வோர்ம்ஸ். வார்ம்ஸ்னா இங்கிலீஷ்ல வயித்துப் பூச்சி, நம்ம ஊரு ஸ்கூல்ல அதுக்கு மாத்திரை குடுக்கறாங்க.